திருகோணமலையில் சைலன்சர் மாற்ற எண்ணுபவர்களுக்கு: சட்டம் எதை ஏற்கும், எதை ஏற்காது

கடலோரத்தில் ஓடும் வாகனத்தில் சைலன்சர் நெடுங்காலம் நின்றுபிடிப்பதில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அன்றாடம் ஓடும் ஒரு மோட்டார் சைக்கிளைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால், சைலன்சரின் அடிப்பக்க வெல்டிங் விளிம்பில் பெயின்ற் கொப்பளித்திருப்பதையும், அந்த இடத்தைச் சுரண்டியதும் செந்நிறத் துகள் உதிர்வதையும் காணலாம். உள்ளே நிலைமை இன்னும் மோசமாக இருக்கும். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி, சந்தைக்கும் பாடசாலைக்குமான குறுந்தூர ஓட்டங்களில் முழுமையாக வெளியேறாமல் குளிர்ந்து நீராகி அறைகளுக்குள் தேங்குவதால், தகடு வெளியிலிருந்து உப்புக்காற்றாலும் உள்ளிருந்து இந்த நீராலும் ஒரே நேரத்தில் அரிக்கப்படுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது என்பதால், நமது வீதிகளில் ஓடுபவற்றுள் பெரும்பகுதி பழைய வாகனங்களே. ஆகவே சைலன்சர் மாற்றுவது சத்தம் விரும்பும் இளைஞர்களுக்கு மட்டும் உரிய விடயம் அன்று; மீன் ஏற்றும் முச்சக்கர வண்டிக்காரருக்கும், வேனில் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவருக்கும் என்றேனும் ஒருநாள் வந்தே தீரும் தேவை அது.

பழுதான சைலன்சரை அதற்கு நிகரான ஒன்றால் மாற்றுவதைச் சட்டம் தடுக்கவில்லை. வாகனம் முன்பைவிடக் கூடிய சத்தத்தையோ கூடிய புகையையோ வெளிவிடும்படி செய்வதைத்தான் அது தடுக்கிறது. புதிய சைலன்சர் எந்த நிறுவனத்தினுடையது, என்ன விலை, எவ்வளவு பளபளப்பு என்பதெல்லாம் வீதியில் மறிக்கும் பொலிசாருக்கும், புகைப் பரிசோதனை நிலையத்துக்கும், நீதவானுக்கும் பொருட்டல்ல.

எந்தச் சட்டம், யாருடைய அதிகாரம்

இலங்கையில் வாகனத்தின் அமைப்பையும் பாவனையையும் ஆள்வது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும், காலத்துக்குக் காலம் அதற்குச் செய்யப்பட்ட திருத்தங்களும், அதன் கீழான ஒழுங்குவிதிகளுமாகும். இது பாராளுமன்றத்தின் சட்டம். நாடு முழுவதற்கும் ஒன்றே. கிழக்கு மாகாணத்துக்கென்று தனியான சைலன்சர் விதி எதுவும் கிடையாது. ஆயினும் ஆண்டுதோறும் பெறவேண்டிய வருமான அனுமதிப்பத்திரம் மாகாணத்தின் வருவாய்க்குரியது என்பதால், அதைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம் போன்ற பிரதேச செயலகங்களிலோ இணையவழியாகவோ பெறுகிறோம். சைலன்சர் பற்றிய குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது. அனுமதிப்பத்திரம் கிடைத்துவிட்டால் வாகனத்தில் உள்ள அனைத்தும் அங்கீகரிக்கப்பட்டுவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். காப்புறுதியும் புகைச் சான்றிதழும் இருக்கின்றனவா என்று பார்க்கும் அந்த மேசையில் எவரும் சைலன்சரைக் குனிந்து பார்ப்பதில்லை. ஆகவே வருமான அனுமதிப்பத்திரத்தைக் காட்டிச் சத்தத்தை நியாயப்படுத்த முடியாது.

புகையைப் பொறுத்தவரை 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் கீழ் 2003 இல் வெளியிடப்பட்ட காலல், அதாவது புகை வெளியேற்ற, ஒழுங்குவிதிகளும் அடிப்படையாக அமைகின்றன. 2008 இல் தொடங்கிய வருடாந்தப் புகைப் பரிசோதனை, அந்த எல்லைகளை ஒவ்வொரு வாகனத்தின் வாசலுக்கும் கொண்டுவந்து சேர்த்தது. பெற்றோல் வாகனத்தில் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் அளக்கப்படுகின்றன. டீசல் வாகனத்தில் புகையின் அடர்த்தி அளக்கப்படுகிறது. முற்றிலும் மின்சாரத்தில் ஓடும் வாகனத்துக்கு இந்தச் சோதனை வேண்டியதில்லை.

சத்தத்தைப் பற்றிப் பேசும்போது, 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் உள்ள டெசிபல் எண்களைச் சிலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். நகர சபைப் பகுதிக்குப் பகலில் 63, இரவில் 50 என்பன போன்ற அந்த எண்கள், ஆலை அல்லது வேலைத்தளம் போன்ற ஓரிடத்தின் எல்லையில் நின்று அளக்கப்படுவதற்கானவை. வீதியில் ஓடும் மோட்டார் சைக்கிளின் குழாய் வாயில் கைத்தொலைபேசியைப் பிடித்து எடுத்த எண்ணை அவற்றுடன் ஒப்பிட்டு, தான் எல்லைக்குள் இருப்பதாகவோ மற்றவர் எல்லையை மீறியதாகவோ வாதிடுவதில் பயன் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தமிழில் இவ்விடயம் பற்றிப் பகிரப்படும் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், சத்தத்துக்கும் புகைக்கும் 10,000 ரூபாய் என்று அவற்றில் சொல்லப்படுபவை அந்நாட்டுக்குச் சரியாக இருக்கலாம். இங்கு அவற்றுக்கு எந்த வலுவும் இல்லை. மொழி ஒன்றாக இருப்பதால் சட்டமும் ஒன்றென்று நம்பி, அங்குள்ள பிரிவு இலக்கங்களை இங்குள்ள பொலிஸ் அதிகாரியிடம் சொல்பவர் தன் வழக்கைத் தானே பலவீனப்படுத்திக்கொள்கிறார்.

எவை பாதுகாப்பானவை, எவை அல்ல

வாகனத்தின் பதிவுச் சான்றிதழில் இயந்திர இலக்கம், அடிச்சட்ட இலக்கம், இயந்திரக் கொள்ளளவு, எரிபொருள் வகை, நிறம், உடல் வகை முதலியன பதியப்பட்டிருக்கும். இவற்றுள் எதை மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்தின் அனுமதியைப் பெற்றுப் பதிவைத் திருத்தவேண்டும். சைலன்சர் இந்தப் பட்டியலில் இல்லை. அதனால் உங்கள் பல்சரிலோ டியோவிலோ உக்கிப்போன சைலன்சரைக் கழற்றிவிட்டு அதே மாதிரிக்கு உரிய அசல் சைலன்சரையோ, அதே அறையமைப்பும் அதே குழாய் விட்டமும் கொண்ட மாற்றுத் தயாரிப்பையோ பொருத்தினால் பதிவில் தொடவேண்டியது எதுவும் இல்லை. ஓட்டையை வெல்டிங் பிடித்து அடைப்பதும் அவ்வாறே. உக்கிய தகட்டின்மேல் பிடித்த வெல்டிங் அடுத்த மழைக்காலம்வரைகூடத் தாங்காது என்பது வேறு விடயம்.

சிக்கல் தொடங்குவது உள்ளறைகளைத் தொடும்போதுதான். ஒரு சாதாரண சைலன்சரைக் குறுக்கே வெட்டினால் உள்ளே இரண்டு மூன்று தடுப்புத் தகடுகளும், அவற்றை ஊடறுத்துச் செல்லும் துளையிட்ட சிறு குழாய்களும் இருப்பதைக் காணலாம். இயந்திரத்திலிருந்து வெடித்துவரும் அழுத்த அலை இந்த அறைகளில் திரும்பத் திரும்ப மோதித் தன் வலுவை இழந்த பின்பே வெளியேறுகிறது. அந்தத் தகடுகளை அகற்றிவிட்டு வெளிக்கூட்டை மீண்டும் ஒட்டிப் பெயின்ற் அடித்துக் கொடுப்பது சில கராஜ்களில் வழக்கமாக நடக்கிறது. வெளித்தோற்றம் கம்பனிச் சைலன்சராகவே இருக்கும். ஆனால் சட்டத்தின் முன் அது சைலன்சர் இல்லாத வாகனத்தைப்போன்றதே. இயந்திரத்தை இயக்கியதும் எவருக்கும் அது தெரிந்துவிடும். நேர்குழாய் பொருத்துவதும், பின்முனையில் உள்ள டிபி கில்லர் எனப்படும் சிறு அடைப்பைக் கழற்றி ஓடுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. டெசிபல் அளவு பத்துக் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு சத்தமாகக் கேட்கும் என்பதை நினைவில் வைத்தால், சிறிய அடைப்பொன்றைக் கழற்றுவது ஏன் இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தருகிறது என்பது விளங்கும்.

வெளிநாட்டுத் தயாரிப்பான மாற்றுச் சைலன்சரை வாங்குபவர்கள், அதன் உடலில் வட்டத்துக்குள் E என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதிகளின்படி சோதிக்கப்பட்டதற்கான அடையாளம் அது. இலங்கையில் அது தானாகவே அனுமதியாகிவிடாது. ஆயினும் இந்தப் பொருள் குறிப்பிட்ட வாகனத்தில் குறிப்பிட்ட சத்த எல்லைக்குள் இயங்கியது என்பதற்கு உங்கள் கையில் இருக்கக்கூடிய மிக வலுவான சான்று அதுவே. அடைப்பைக் கழற்றிய கணமே அந்தச் சான்றும் மதிப்பிழக்கும். அக்ரபோவிச், யோஷிமுரா போன்ற பெயர்கள் ஒட்டிய போலிகள் உலகெங்கும் மலிந்திருக்கின்றன. சில ஆயிரம் ரூபாய்க்கு அந்தப் பெயருடன் விற்கப்படுவதில் உள்ளே துளையிட்ட ஒற்றைக் குழாயும், சில மாதங்களில் எரிந்து பறந்துவிடும் கண்ணாடிப் பஞ்சும் தவிர வேறொன்றும் இருக்காது.

கார், வேன் உரிமையாளர்கள் சத்தத்தைவிட, புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகமான வினையூக்கி மாற்றியைப் (கற்றலிட்டிக் கொன்வேர்ட்டர்) பற்றியே கூடுதலாகக் கவலைப்படவேண்டும். ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நாட்டில் கைவிடப்பட்ட பின்னர்தான் இந்தப் பாகம் இங்கு தன் ஆயுளை முழுமையாக வாழக்கூடிய நிலை வந்தது. ஈயம் அதன் தேன்கூட்டு வடிவ உட்புறத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டாகவும், எரியாத ஐதரோகாபனை நீராகவும் காபனீரொட்சைட்டாகவும், நைதரசன் ஒட்சைட்டுகளை நைதரசனாகவும் மாற்றுவது அதில் பூசப்பட்டுள்ள பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள். அவற்றின் விலை காரணமாகவே, அடைபட்டுவிட்டது, கழற்றினால் இழுவை கூடும் என்று சொல்லி அந்தப் பாகத்தை எடுத்துக்கொண்டு வெறுங்குழாயைப் பொருத்தித் தருபவர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் கூலியும் கொடுத்து, தன் வாகனத்தின் மிகப் பெறுமதியான பாகங்களில் ஒன்றையும் இழக்கிறார். அதன் பின்னால் உள்ள ஒட்சிசன் சென்சர் வேறுபாட்டை உணர்ந்ததும் இயந்திர எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். அடுத்த புகைப் பரிசோதனையில் அளவுகள் எல்லையைத் தாண்டும். மாற்றி அடைபட்டிருப்பதாகச் சொல்லப்பட்டால், அழுத்தம் அளந்து காட்டும்படி கேளுங்கள். மாற்றவேண்டியிருந்தால் பழையதை உங்கள் கையில் திருப்பித் தரவேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவையுங்கள். புதிய டீசல் வாகனங்களில் உள்ள கரித்துகள் வடிகட்டிக்கும் இது அப்படியே பொருந்தும்.

வேலையைச் செய்விக்கும் முறை

முதலில் பழுது எங்கே என்று உறுதிசெய்யுங்கள். இயந்திரம் முழுமையாக ஆறிய பின் ஸ்பானரின் பிடியால் சைலன்சரின் நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென ஒலிக்கும், உக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும், உள்ளே தகடு கழன்றிருந்தால் கலகலவென்று ஆடும். பின்னர் இயந்திரத்தை இயக்கி, தடித்த ஈரத்துணியால் குழாயின் வாயை ஒரு கணம் மட்டும் அழுத்தினால், ஓட்டையோ தளர்ந்த மூட்டோ இருக்கும் இடத்தில் உஸ்ஸென்ற சீறல் கேட்கும். இயந்திரத் தலையுடன் குழாய் சேரும் இடத்தில் உள்ள கஸ்கட் மட்டும் போயிருந்தால், சிறு தொகையில் முடியும் வேலைக்கு முழுச் சைலன்சரையும் வாங்கவேண்டியதில்லை. திடீரெனச் சத்தம் கூடிய வாகனங்கள் பலவற்றில் காரணம் இதுவாகவே இருக்கிறது.

பொருளை வாங்கும்போது வாகனத்தின் மாதிரி, உற்பத்தி ஆண்டு, இயந்திரக் கொள்ளளவு ஆகியவற்றைக் கடைக்காரர் பற்றுச்சீட்டில் எழுதித் தரவேண்டும் என்று கேளுங்கள். சைலன்சர் ஒன்று என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டால் பின்னர் எதையும் நிரூபிக்க முடியாது. கழற்றிய பழைய சைலன்சரைப் பழைய இரும்புக்காரருக்கு உடனே போட்டுவிடாமல், அடுத்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்வரையேனும் வீட்டில் வைத்திருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நிகரான பொருளையே பொருத்தினீர்கள் என்பதற்கு அதைவிட எளிய சான்று வேறில்லை.

பொருத்தும்போது கவனிக்கவேண்டியவற்றுள் சட்டத்தோடு சேர்ந்து உயிரும் சம்பந்தப்படுகிறது. வேனிலும் காரிலும் குழாயின் வாய் வாகன உடலைத் தாண்டி வெளியே திறக்கவேண்டும். தரைத்தகட்டின் கீழேயே முடிந்தால் காபனோரொட்சைட்டு உள்ளே ஏறும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கோணேஸ்வரத்துக்கும் கன்னியாவுக்கும் வெளியூர்களிலிருந்து வரும் வேன்களில், குளிரூட்டியை இயக்கியபடி கண்ணாடிகளை மூடிக்கொண்டு சாரதிகள் உறங்குவதைக் காணும்போதெல்லாம் இந்தக் கவலைதான் எனக்கு எழுகிறது. அடியில் ஓர் ஓட்டை இருந்தால் அந்த உறக்கத்திலிருந்து எழாமலே போகலாம். பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் புதிய சைலன்சருக்கு அருகில் செல்லாதவாறும், மோட்டார் சைக்கிளில் பின்னால் அமரும் பிள்ளையின் கால் படும் பக்கத்தில் வெப்பத் தடுப்புத் தகடு இருக்கும்வண்ணமும் பார்த்துக்கொள்ளவேண்டும். குழாய் விட்டம் மாறினால் எரிகலவையும் மாறும் என்பதால், காபரேற்றர் உள்ள வாகனத்தில் அதையும் அதே நாளில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. இரட்டை வீச்சு (டூ ஸ்ட்ரோக்) இயந்திரமுள்ள பழைய முச்சக்கர வண்டிகளில் இது மிக முக்கியம். அவற்றில் சைலன்சரின் வடிவமே, எரியாத கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளும் பணியையும் செய்கிறது. கண்டபடி வெட்டினால் இழுவை குறைந்து, புகை கூடி, பெற்றோலும் வீணாகும்.

வேலை முடிந்த அன்றே புகைப் பரிசோதனை செய்துகொள்வதை நான் வலியுறுத்துவேன். கிளீன்கோ, லாப்ஸ் எக்கோ ஸ்ரீ ஆகிய நிறுவனங்களின் நிலையங்களில் இது செய்யப்படுகிறது. வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியாகும் வாரத்தில் ஓடிச்சென்று, தோல்வியடைந்து, மீண்டும் கராஜுக்கு அலைவதைவிட, வேலை செய்தவரின் பொறுப்பு இன்னும் சூடாக இருக்கும்போதே குறையைக் காட்டித் திருத்துவிப்பது எளிது. அந்தச் சான்றிதழில் உள்ள திகதி, மாற்றத்துக்குப் பின்னரும் புகை எல்லைக்குள் இருந்தது என்பதைக் காட்டும். சத்தத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். நிகரான மாற்றீட்டுக்கு இது அவசியமில்லை. வேறு வகைச் சைலன்சர் பொருத்தினால், விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும் வேளையில் தெரிவிக்கப்படாத மாற்றம் என்ற காரணத்தைக் காட்டி மறுக்க இடம் கொடுக்காதிருப்பது உங்கள் கையில்தான் உள்ளது.

மறிக்கப்பட்டால்

கிளீன் ஸ்ரீலங்கா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியதிலிருந்து, வாகனங்களில் மேலதிகமாகப் பொருத்தப்பட்டவை மீதான பொலிஸ் சோதனை முன்பைவிடக் கடுமையாகியிருக்கிறது. மறிக்கப்பட்டால் இயந்திரத்தை நிறுத்துங்கள். மீண்டும் இயக்கிக் காட்டும்படி கேட்டால் முறுக்காமல் இயக்கிக் காட்டுங்கள். பற்றுச்சீட்டு, புகைச் சான்றிதழ், புகைப்படம் மூன்றையும் அமைதியாகக் காட்டுங்கள். அதிகாரி ஏற்காவிட்டால், வாகனத்தை மோட்டார் வாகனப் பரிசோதகருக்கு அனுப்பி அறிக்கை பெறும்படி பணிவுடன் கேட்கலாம். அவ்விடத் தண்டப்பணச் சீட்டு வழங்கப்பட்டால் 14 நாட்களுக்குள் தொகையைச் செலுத்தவேண்டும். அதன்பின் 28 நாள்வரை இரட்டிப்பாகும். அதையும் தாண்டினால் விடயம் நீதிமன்றம் செல்லும். நீதவான் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டால், தவணைக்கு முன்பே நிகரான சைலன்சரைப் பொருத்தி, அதற்கான பற்றுச்சீட்டுடன் சட்டத்தரணி மூலம் முன்னிலையாவது, குறை நிவர்த்திக்கப்பட்டுவிட்டது என்பதை மன்றுக்குக் காட்ட உதவும்.

இந்தச் சோதனைகளில் சில வேளை அநியாயமாகவும் ஒருவர் அகப்படலாம். உக்கிய சைலன்சருடன் கராஜுக்குப் போகும் வழியில் மறிக்கப்படும் ஏழைச் சாரதியின் நிலை எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஆயினும் பொதுவைத்தியசாலை வீதியில் இரவு இரண்டு மணிக்கு நேர்குழாயுடன் முறுக்கிச் செல்பவரையும், உயர்தரப் பரீட்சை நடக்கும் மண்டபத்தின் மதிலோரம் வெடிச்சத்தம் எழுப்பிப் போகிறவரையும் அதே தட்டில் வைக்க முடியாது. அத்தகைய சத்தத்தால் தொடர்ந்து பாதிக்கப்படுபவர்கள் வாகன இலக்கம், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துப் பொலிஸ் நிலையத்தில் எழுத்தில் முறையிடலாம்; பொதுத் தொல்லை தண்டனைச் சட்டக்கோவையின் கீழும் குற்றமே.

பாவித்த மோட்டார் சைக்கிள் வாங்குபவர்கள் விலை பேசும்போதே அசல் சைலன்சர் எங்கே என்று கேட்டுக்கொள்ளவேண்டும். பெயர்மாற்றம் செய்த நாளிலிருந்து அந்த வாகனத்தின் சத்தத்துக்கும் புகைக்கும் பதில் சொல்லவேண்டியவர் புதிய உரிமையாளரே. முன்னவர் செய்தது என்ற விளக்கம் தண்டப்பணத்தைக் குறைக்காது. விற்பவர் கழற்றிவைத்திருந்தால் விலையோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த மாதிரிக்கான அசல் சைலன்சரின் அன்றைய விலையை உதிரிப்பாகக் கடையில் விசாரித்து, அந்தத் தொகையைக் கேட்ட விலையில் கழியுங்கள்.